டோக்கியோ டேங்க் பட்டுக்கோட்டைக்கு வந்த வழி

மஞ்சள் பிளாஸ்டிக் கேசட். மேலே ஒட்டியிருக்கும் படத்தில் இயந்திரத் துப்பாக்கி ஏந்திய வெள்ளைக்காரர் ஒருவர், அவர் முதுகுக்குப் பின்னால் தீப்பிழம்பு, மூலையில் '9999999 இன் 1' என்று கொட்டை எழுத்து. ஸ்குரூ டிரைவரை விளிம்பில் விட்டு நெம்பினால் கேசட் இரண்டாகப் பிளக்கும். உள்ளே முக்கால்வாசி வெறும் இடம். பாதி உள்ளங்கை அளவுக்கு ஒரு பச்சை சர்க்யூட் பலகை, அதன் நடுவில் கறுப்புப் பிசினால் வைத்த ஒரு பொட்டு, கீழ் விளிம்பில் முன்னும் பின்னுமாக 60 செப்புக் கீற்றுகள். அந்தப் பொட்டுக்கு அடியில்தான் சிலிக்கான் சில்லு. சில்லின் மேல் பெயர் கிடையாது, எண் கிடையாது, செய்த கம்பெனியோ வருடமோ கிடையாது. சில்லை முறையாக உறையிலிட்டு அச்சடிக்கும் செலவு மிச்சம். யார் செய்தது என்று கேட்டு வருபவருக்குப் பதில் சொல்லும் வேலையும் மிச்சம்.

அந்தப் பொட்டுக்குள் அடைபட்டிருந்த ஆட்டங்களில் ஒன்றைப் பற்றித்தான் எழுதுகிறேன். மெனுவில் அதன் பெயர் பேட்டில் சிட்டி என்றிருக்கும், சில கேசட்டில் டேங்க் 1990 என்றிருக்கும். பட்டுக்கோட்டையில் எந்தப் பையனும் அந்தப் பெயர்களைச் சொல்லி நான் கேட்டதில்லை. "டேங்க் போடுடா" என்பார்கள், அவ்வளவுதான். அந்த வெள்ளைக்காரர் அதில் வரவே மாட்டார். கேசட்டின் மேல் படம் ஒன்று, உள்ளே சரக்கு வேறு என்பது அன்றைய வழக்கம். யாரும் கடைக்காரரிடம் போய்ச் சண்டை போட்டதில்லை.

ஆட்டம் பிறந்தது ஜப்பானில், 1985 செப்டம்பர் 9 அன்று. செய்தது நாம்கோ. அந்தக் கம்பெனியின் மூலத்தைப் பார்த்தால் மசாயா நகமுரா என்பவர் 1955-இல் தொடங்கிய சின்னத் தொழில். யோக்கஹாமாவில் ஒரு பல்பொருள் அங்காடியின் மொட்டை மாடியில் குழந்தைகள் ஏறி ஆடும் இயந்திரக் குதிரைகள் இரண்டு, அவைதான் முதல் முதலீடு. 25 வருடத்தில் அதே கம்பெனி 1980-இல் பேக்மேனை வெளியிட்டு உலகத்தையே காசு போட வைத்தது. அதே 1980-இல் டேங்க் பட்டாலியன் என்று இன்னொன்றும் வந்தது. கடைகளில் நின்றுகொண்டு ஆடும் பெட்டி ஆட்டம், பெரிதாகப் பேசப்படவில்லை. அதைத்தான் ஐந்து வருடம் கழித்து வீட்டு டிவிக்கு மாற்றி, இரண்டு பேர் சேர்ந்து ஆடும்படி விரித்து எழுதினார்கள். புரோகிராம் பொறுப்பு ரியோய்ச்சி ஓக்குபோ. தொடக்கத்தில் வரும் சில நொடி எக்காளம் ஜுன்கோ ஒசாவாவுடையது.

வெளியான நேரம் பாவம். சரியாக நான்கு நாள் கழித்து, செப்டம்பர் 13 அன்று, நின்டெண்டோ தன் சூப்பர் மரியோ பிரதர்ஸை இறக்கியது. பிறகு டேங்கைப் பற்றி உலகத்தில் யார் பேசுவார்கள்? ஜப்பானுக்கு வெளியே, அமெரிக்காவிலோ ஐரோப்பாவிலோ, டிவியோடு சேர்த்து ஆடும் பெட்டிக்கான கேசட்டாக அதை நாம்கோ விற்கவே இல்லை. கணக்குப்படி அதன் ஆயுள் ஜப்பான் கடற்கரையோடு முடிந்திருக்க வேண்டும்.

ஆட்டத்தைத் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். களம் ஒரே திரைதான், நகராது. 13 கட்டம் அகலம், 13 கட்டம் உயரம். கீழே நடுவில் செங்கல் சுவருக்குள் ஒரு கழுகுச் சின்னம்; அதுதான் காக்க வேண்டிய கோட்டை. மேலே இடது மூலை, நடு, வலது மூலை என்று மூன்று இடங்களிலிருந்து எதிரி டேங்குகள் இறங்கும், களத்துக்கு 20. சாதாரண டேங்கை அடித்தால் 100 புள்ளி, வேகமாக ஓடுவதற்கு 200, வேகமாகச் சுடுவதற்கு 300, நான்கு அடி வாங்கிய பிறகே சாகும் தடித்தோல் டேங்குக்கு 400. 4-ஆவதாகவும் 11-ஆவதாகவும் 18-ஆவதாகவும் வரும் டேங்குகள் சிவப்பாக மின்னும்; அவற்றை அடித்தால் பரிசு விழும். நட்சத்திரம் எடுத்தால் குண்டு வேகமாகும், மூன்று நட்சத்திரம் சேர்ந்தால் இரும்புச் சுவரும் உடையும். கடிகாரம் எடுத்தால் எதிரி உறைந்து நிற்பான். மண்வெட்டி எடுத்தால் கோட்டைச் செங்கல் கொஞ்ச நேரம் இரும்பாகிவிடும். செங்கல், இரும்பு, தண்ணீர், புதர், பனி என்று ஐந்தே பொருட்களை இடம் மாற்றி மாற்றி வைத்து 35 களங்கள். 35 முடிந்தால் மறுபடி முதல் களம். முடிவு என்று ஒன்று கிடையாது, தோல்விதான் முடிவு.

ஆடும்போது பாட்டும் கிடையாது. எக்காளம் ஊதி முடிந்ததும் டேங்கின் உறுமல் மட்டும்தான். நின்றால் ஒரு சுருதி, ஓடினால் ஒரு சுருதி. பின்னணி இசை வைக்காதது இடப் பற்றாக்குறையாலா ரசனையாலா தெரியாது, ஆனால் அதுதான் அதன் அழகு என்பேன். மரியோவின் இசை இரண்டு மணி நேரத்தில் வீட்டில் இருக்கும் பெரியவர்களைப் பைத்தியமாக்கிவிடும். டேங்கின் உறுமலை யாரும் கண்டுகொள்வதில்லை.

இந்த மொத்த ஏற்பாடும் 24 கிலோபைட். கட்டளைகளுக்கு 16, படங்களுக்கு 8. இன்று காலை உங்கள் வாட்ஸ்அப்புக்கு வந்த தாமரைப்பூ குட்மார்னிங் படம் இதைவிடப் பெரியது. அவ்வளவு நெருக்கடியிலும் புரோகிராம் எழுதியவர் ஒரு வேலை செய்திருக்கிறார். ஆட்டத்துக்குத் துளியும் தேவைப்படாத ஒரு வரியை உள்ளே ஒளித்துவைத்தார்: இதை எழுதியவன் இன்னான் என்று தன் புனைபெயரையும், அவன் இன்னாரை நேசிக்கிறான் என்று ஒரு பெண்ணின் பெயரையும். பல வருடம் கழித்து ஆட்டத்தைப் பிரித்து மேய்ந்தவர்கள்தான் அதைக் கண்டெடுத்தார்கள். தன்னை யாருக்கும் தெரியாமல் ஒரு தொழிற்சாலைச் சரக்கில் கையெழுத்துப் போட்டு அனுப்பிய ஆள் அவர். அந்தச் சரக்கு எங்கெங்கே போகப் போகிறது என்று அவருக்கு அன்று தெரிந்திருக்க வழியில்லை.

ஜப்பானில் அது ஓடிய பெட்டியின் பெயர் ஃபேமிகாம். நின்டெண்டோ 1983 ஜூலை 15 அன்று 14,800 யென்னுக்கு விற்பனைக்குக் கொண்டுவந்தது. உள்ளே இரண்டே இரண்டு முக்கியச் சில்லுகள்: கணக்குப் போட ஒன்று, படம் வரைய ஒன்று. தைவானில் 1980-இல் தொடங்கிய யுஎம்சி என்ற சில்லுக் கம்பெனி இந்த இரண்டையும் நகலெடுத்து விற்றது. அதன் பிறகு யார் வேண்டுமானாலும் ஃபேமிகாம் செய்யலாம் என்றாயிற்று. மைக்ரோ ஜீனியஸ் என்ற தைவான் பெட்டி தென்கிழக்கு ஆசியாவெங்கும் விற்றது. ரஷ்யாவில் 1992 டிசம்பரில் டெண்டி என்ற பெயரில் வந்தது, போலந்தில் பெகாசஸ். அங்கெல்லாம் இன்று 40 வயதைத் தாண்டியவர்களைக் கேட்டுப் பாருங்கள், அவர்களுக்கும் டேங்க் தெரியும். அமெரிக்கப் பையனுக்குத்தான் தெரியாது.

பெட்டி வந்தால் கேசட் வேண்டுமே. இங்கேதான் 24 கிலோபைட் தன் வேலையைக் காட்டியது. அந்தப் பெட்டி கேசட்டிலிருந்து நேராகப் பார்க்கக்கூடியது மொத்தம் 40 கிலோபைட்தான். மரியோ அந்த 40-ஐ அப்படியே நிரப்பிவிட்டது. அதற்கு மேற்பட்ட ஆட்டம் என்றால் பக்கம் புரட்டித் தருவதற்கென்று கேசட்டுக்குள் கூடுதல் மின்சுற்று வேண்டும். துப்பாக்கி ஏந்தி ஓடும் ஆட்டமான காண்ட்ரா குறைந்தது 128 கிலோபைட். நகல் அடிப்பவருக்கு அது செலவு. தனிக் கேசட் போட்டு, தனி விலை வைத்தால்தான் கட்டுப்படியாகும். டேங்க் போன்ற பழைய குட்டி ஆட்டங்களோ, ஒரு பெரிய சில்லில் வரிசையாக அடுக்கி, மேலே ஒரு மெனுவை எழுதிவிட்டால் போதும். 9999999 என்பதெல்லாம் புருடா. இருபதோ முப்பதோ ஆட்டம் இருக்கும், அதையே இரண்டாவது களத்திலிருந்து, ஐந்தாவது களத்திலிருந்து என்று மாற்றி மாற்றிப் பட்டியல் போட்டு நிரப்பியிருப்பார்கள். காண்ட்ராவைக் காசு கொடுத்து வாங்க வேண்டியிருந்தது. டேங்க் எந்தக் கேசட் வாங்கினாலும் கூடவே வந்தது. உலகத்தின் இத்தனை மூலைகளுக்கு அது போனதற்கு அதன் தரம் காரணமில்லை என்று சொல்ல மாட்டேன், ஆனால் முதல் காரணம் அது இடத்தை அடைக்கவில்லை என்பதுதான்.

நகலெடுத்தவர்கள் சும்மாவும் இருக்கவில்லை. டேங்க் 1990 என்பது பேட்டில் சிட்டியைப் பிரித்து, களங்களை மாற்றி, பரிசுகளில் துப்பாக்கியும் படகும் சேர்த்துக் கட்டிய திருட்டுப் பதிப்பு. துப்பாக்கி எடுத்தால் ஒரே அடியில் முழுப் பலம். படகு எடுத்தால் டேங்க் தண்ணீர் மேல் போகும். நாம்கோவின் அசலில் தண்ணீரை எந்த டேங்கும் தாண்ட முடியாது. கடலோரத்துப் பிள்ளைகளுக்குப் படகு பிடித்துப்போனதில் ஆச்சரியம் ஒன்றுமில்லை. திருட்டுத்தான், சந்தேகமில்லை, ஓக்குபோவுக்கோ ஒசாவாவுக்கோ இதில் ஒரு காசு போயிருக்காது. ஆனால் இந்த ஊரில் வந்து விற்க அசலுக்கு ஆளில்லாதபோது, வாங்கியவர்களைத் திருடர்கள் என்று சொல்லவும் எனக்கு வாய் வரவில்லை.

1990-களில் உற்பத்தி சீனாவின் குவாங்டோங் பக்கம் நகர்ந்தது. அங்கே ஜோங்ஷான் நகரத்தில் சுபோர் என்று ஒரு கம்பெனி, ஃபேமிகாம் நகலுக்கு விசைப்பலகை சேர்த்து 'படிப்புக் கருவி' என்று பெற்றோர் தலையில் கட்டிப் பெரும் பணம் பார்த்தது. நடத்தியவர் துவான் யோங்பிங். 1995-இல் அவர் வெளியேறி பிபிகே என்ற கம்பெனியைத் தொடங்கினார். ஓப்போ, விவோ இரண்டும் அந்த வீட்டுப் பிள்ளைகள். பட்டுக்கோட்டைக் கடைத்தெருவில் பச்சையும் நீலமுமாக மின்னும் அந்தப் பெயர்ப்பலகைகளைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இந்த வம்சாவளி நினைவுக்கு வரும்.

இனி நம் பக்கம். தஞ்சாவூர் டெல்டாவின் தெற்கு ஓரத்துக்குச் சிங்கப்பூர், மலேசியா என்பது தூர தேசமே இல்லை. எம்.வி. சிதம்பரம் கப்பல் சென்னையிலிருந்து நாகப்பட்டினம் வழியாகப் போய் வந்துகொண்டிருந்த காலம் உண்டு. 1985 பிப்ரவரியில் அந்தக் கப்பல் நடுக்கடலில் தீப்பிடித்துப் பலர் இறந்தார்கள். அதோடு அந்தப் பயணிக் கப்பல் போக்குவரத்தே முடிந்தது. பிறகு விமானம்தான். அதிராம்பட்டினம், மதுக்கூர், முத்துப்பேட்டை என்று எந்தப் பக்கம் எடுத்தாலும் தெருவுக்கு நான்கு பேர் சபுரில், அதாவது வெளிநாட்டுப் பிழைப்பில், இருப்பார்கள். சபுராளி ஊர் திரும்பினால் கோடாலித் தைலம், சென்ட், டார்ச் லைட், டேப் ரெக்கார்டர், பிள்ளைகளுக்கு மிட்டாய். 80-களின் கடைசியிலிருந்து அந்த அட்டைப்பெட்டிக்குள் ஒரு டிவி கேமும் சேர்ந்துகொண்டது. சிங்கப்பூரில் சிம் லிம் ஸ்கொயர் போன்ற எலெக்ட்ரானிக்ஸ் அடுக்குக் கடைகளில் தைவான் சரக்கு மலிவாகக் கிடைத்தது. விலை விசாரித்து, பேரம் பேசி, வேட்டி லுங்கிக்கு நடுவில் சுற்றி வைத்துக் கொண்டுவருவார்கள்.

சொந்தக்காரர் யாரும் வெளிநாட்டில் இல்லாதவனுக்குச் சென்னை பர்மா பஜார். பர்மாவிலிருந்து வெறுங்கையோடு திரும்பிய தமிழர்களுக்காக 1969-இல் உருவான அந்தக் கடை வரிசைக்குச் சரக்கு கொண்டுவந்து போட்டவர்கள் குருவிகள், அதாவது பயண மூட்டையில் வெளிநாட்டுச் சரக்கைச் சுமந்து வரும் ஆட்கள். அங்கே வாங்கிய பெட்டி எழும்பூரில் கம்பன் எக்ஸ்பிரஸில் ஏறினால், மயிலாடுதுறை, திருவாரூர் சுற்றி மீட்டர் கேஜில் ஆடி ஆடிப் பட்டுக்கோட்டை வந்து சேரும். 90-களின் நடுவில் இதற்கெல்லாம் தேவையில்லாமல் போயிற்று. மீடியா, சாமுராய் என்ற பெயர்களில் இந்தியாவிலேயே விற்பனைக்கு வந்த பெட்டிகள் விளம்பரத்தோடு வந்தன. அவற்றுக்குப் பின்னால் பெயரே இல்லாத பெட்டிகளும் வந்தன. தை, மாசியில் சம்பா அறுத்துக் கையில் காசு புரளும், அதையொட்டிப் பங்குனியில் நாடியம்மன் கோயில் திருவிழா வரும். பிள்ளைகள் நச்சரிக்க ஏற்ற பருவம் அதுதான்.

பெட்டி வந்துவிட்டது என்றால் உடனே ஆடிவிட முடியாது. அதை டிவியோடு சேர்த்து வைப்பது ஒரு கல்யாண வேலை. எங்கள் பக்கத்து வீடுகளில் ஆன்டெனாவே ஒரு தனிக் கதை. 1982 பிப்ரவரியில் இலங்கை ரூபவாகினி தொடங்கியபோது, சென்னையைவிட அதுவே பளிச்சென்று கிடைத்தது. இடையில் பாக் நீரிணைத் தண்ணீர்தான். கொடைக்கானல் கோபுரம் வந்து தூர்தர்ஷன் சரியாகத் தெரியும் வரை கூரைக்கு மேல் நீளக் குழாய்களில் ஆன்டெனாக்கள் தென்கிழக்கைப் பார்த்து நின்றன. டிவி கேம் ஆட வேண்டுமென்றால் அந்த ஆன்டெனா ஒயரைப் பிடுங்கி, கேமோடு வந்த சிறு டப்பாவைச் சொருகி, ஒரு சேனலில் குமிழைத் திருகிக்கொண்டே இருக்க வேண்டும். முதலில் மணல் கொட்டும். பிறகு கோடு கோடாக ஏதோ ஓடும். இன்னும் ஒரு மயிரிழை திருப்பினால் செங்கல்லால் கட்டிய எழுத்துகளில் ஆட்டத்தின் பெயர் வந்து நிற்கும். கறுப்பு வெள்ளை டிவியில் மஞ்சள் டேங்கும் பச்சை டேங்கும் ஒரே சாம்பல்தான், யார் எது என்பதைப் பிறந்த இடத்தை வைத்து நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். படம் வரவில்லை என்றால் கேசட்டைக் கழற்றி 'ஃபூ' என்று ஊதுவோம். ஊதினால் எச்சில் ஈரம் பட்டுச் செப்புக் கீற்று களிம்பேறும் என்று ரேடியோ மெக்கானிக் அண்ணன் திட்டுவார். அவர் வைத்தியம் பென்சில் ரப்பர். அழுத்தித் தேய்த்து, துணியால் துடைத்துக் கொடுப்பார், உயிர் வந்துவிடும்.

'பிக்சர் டியூப் போயிடும்' என்பது அப்பாக்களின் பொது வாதம். அசையாத படத்தைப் பல மணி நேரம் விட்டால் கண்ணாடியில் தழும்பு விழும் என்பது உண்மைதான். மற்றபடி டியூபுக்கு ஒன்றும் ஆகாது. ஆனால் டிவி வாங்கிய தவணை முடியாத வீட்டில் அந்த விளக்கமெல்லாம் எடுபடாது.

இன்னொரு விஷயம், அன்று யாருக்கும் தெரியாதது. ஜப்பான் டிவியில் நொடிக்கு 60 முறை படம் மாறும், இந்திய டிவியில் 50 முறை. ஆட்டத்தின் ஓட்டமெல்லாம் அந்தப் படக் கணக்கில்தான். எனவே நம் டிவிக்குத் தோதான சில்லு போட்ட பெட்டிகளில் டேங்க் டோக்கியோவில் ஓடியதைவிட ஆறில் ஒரு பங்கு மெதுவாகவே ஓடியது. ஒசாவாவின் எக்காளமும் இழுத்துக்கொண்டேதான் ஊதியது. நாம் அதைத்தான் அசல் வேகம் என்று நம்பி வளர்ந்தோம்.

இருவர் ஆட்டம்தான் டேங்கின் உயிர். முதல் ரிமோட் அண்ணனுக்கு, மஞ்சள். இரண்டாவது தம்பிக்கு, பச்சை. இரண்டாவது ரிமோட்டில் ஸ்டார்ட் பட்டன் இருக்காது, ஆகவே தம்பிக்கு ஆட்டத்தை நிறுத்தும் உரிமை கிடையாது. பாத்ரூம் போவதென்றாலும் அண்ணன் மனசு வைக்க வேண்டும். தம்பியின் குண்டு அண்ணன் மேல் பட்டால் அண்ணன் சாக மாட்டான், கொஞ்ச நேரம் அசையாமல் மினுக்குவான். அந்த நேரத்தில் எதிரி வந்து அடித்தால் முடிந்தது. தெரியாமல் பட்டதா வேண்டுமென்றே சுட்டாயா என்ற விசாரணை டிவியை அணைத்த பிறகும் நீளும். இன்னும் பெரிய ஆபத்து, நம் குண்டே நம் கோட்டையை உடைக்கும். எதிரியைத் துரத்திக்கொண்டு கீழே வரும் அவசரத்தில் சுட்ட குண்டு செங்கல்லைத் தின்று கழுகைத் தூக்கும். கீழிருந்து சிவப்பு எழுத்தில் 'கேம் ஓவர்' மெல்ல ஏறி வரும்போது அறையில் ஒரு வினாடி யாரும் பேச மாட்டார்கள். பிறகுதான் அடிதடி.

சேமித்து வைக்கும் வசதி கேசட்டில் இல்லை, உள்ளே பேட்டரி கிடையாது. எவ்வளவு புள்ளி எடுத்தாலும் கரண்ட் போனால் போனதுதான். மறுபடி போட்டால் உச்சப் புள்ளி 20000 என்று, இவன் ஆடவே இல்லை என்பதுபோல் பழைய எண்ணில் வந்து நிற்கும். டெல்டாவில் கரண்ட் எப்போது போகும் வரும் என்று சொல்லத் தேவையில்லை. வீட்டில் பெட்டி இல்லாதவர்கள் வீடியோ கேம் கடைக்குப் போனார்கள். நேரக் கணக்கில் வாடகை, சுவரோரம் வரிசையாகப் பெஞ்சு, நாலைந்து டிவி. அங்கே மவுசு காண்ட்ராவுக்குத்தான், டேங்க் இரண்டாம் பட்சம். காசு குறைவாக வைத்திருப்பவன் டேங்கைத் தேர்ந்தெடுப்பான், ஏனென்றால் ஓரளவு தெரிந்தால் அரை மணி நேரம் சாகாமல் ஓட்டலாம்.

எனக்குப் பிடித்தது அதிலிருந்த கட்டுமானப் பகுதி. மெனுவில் மூன்றாவது வரி. வெற்றுக் களத்தில் செங்கல்லும் இரும்பும் தண்ணீரும் உங்கள் விருப்பப்படி வைத்து, அதிலேயே ஆடலாம். கோட்டையைச் சுற்றி இரும்பால் அடைத்துவிட்டு எதிரியைப் பார்த்துச் சிரிப்பது ஒரு வகை. எங்கள் தெருவில் ஒருவன் பெரியகடைத்தெருவையே கட்டங்களில் வைப்பான்; தண்ணீர் வாய்க்கால், புதர் தோப்பு. 1985-இல் இதை யோசித்தது பெரிய விஷயம். ஆடுகிறவன் கையில் ஆட்டத்தைக் கொடுப்பது பற்றி இன்றைய கம்பெனிகள் மேடை போட்டுப் பேசுகின்றன.

ராணுவ ஆட்டம் என்று சொல்கிறோம், ஆனால் டேங்கில் ஒரு மனிதன் கிடையாது. நாடு இல்லை, கொடி இல்லை, ரத்தம் இல்லை. அந்தக் காலத்தில் எங்களிடமிருந்து நீரிணை தாண்டினால் உண்மையான போர். 1983-க்குப் பிறகு யாழ்ப்பாணச் செய்தி ராத்திரிச் சோற்றோடு வீட்டுக்குள் வந்தது. அகதிகள் படகில் வந்தார்கள். ரூபவாகினியில் நிஜ ராணுவ வண்டிகள் ஓடின. நம் நாட்டு டேங்கும் தூரமில்லை, 1960-களிலிருந்தே ஆவடியில் விஜயந்தா செய்தார்கள். பக்கத்து ராஜாமடத்தில் பிறந்த ஆர். வெங்கட்ராமன் 1982 முதல் 1984 வரை இந்தியாவின் பாதுகாப்பு அமைச்சர். இவ்வளவு இருந்தும் திரையில் ஓடிய டேங்கை அதோடு சேர்த்துப் பார்த்தவர்களை நான் கண்டதில்லை. துப்பாக்கி ஏந்திய ஆட்கள் சாகும் காண்ட்ராவைவிட இது நல்ல ஆட்டம் என்பது என் தீர்ப்பு. அதில் முன்னேறிப் போவது மட்டுமே வேலை. இதில் பின்னால் ஒன்று இருக்கிறது, அதைக் காக்கத் திரும்பி வர வேண்டும்.

2000-க்குப் பிறகு நகரத்தில் இந்தப் பெட்டிகள் மங்கின. ஆனால் டெல்டாவில் அவற்றுக்கு இரண்டாம் ஆயுள் கிடைத்தது, அதைக் கொடுத்தது அரசு. 2006 செப்டம்பர் 15-இல் இலவசக் கலர் டிவித் திட்டம் தொடங்கி, அடுத்த சில வருடத்தில் ஒன்றரைக் கோடிக்கும் மேல் 14 அங்குல டிவிகள் வீடுகளுக்குப் போயின. அதுவரை டிவியே பார்க்காத குடிசையில் கலர் டிவி. கேபிள் கட்டக் காசில்லாத மாதத்தில் அதில் என்ன பார்ப்பது? திருவிழாக் கடையில் பொம்மை வளையலுக்கு நடுவில் கிடந்த மலிவு டிவி கேமை வாங்கிச் சொருகினார்கள். அதற்குள் பெட்டியின் இரண்டு சில்லும் ஒன்றாகி, அதுவும் ஒரு பிசின் பொட்டாகச் சுருங்கிவிட்டது. கேசட்டே இல்லாமல் பெட்டிக்குள்ளேயே ஆட்டங்களை அடக்கி விற்றார்கள். அதிலும் டேங்க் இருந்தது. முதல் தலைமுறைக்குச் சிங்கப்பூர்ச் சாமானாக வந்த ஆட்டம், 20 வருடம் கழித்து விவசாயக் கூலி வீட்டுப் பிள்ளை கைக்குப் போனது. இந்த இரண்டாம் வருகையைப் பற்றி எழுதியவர்கள் குறைவு. பழைய ஞாபகம் எழுதுகிறவர்கள் எல்லாரும் முதல் வருகையின் பிள்ளைகள்.

பிறகு செல்போன் வந்தது, அதைச் சொல்லி ஆவதொன்றுமில்லை. தட்டை டிவிகள் வந்ததும் வாத்து சுடும் ஆட்டத்துக்கான துப்பாக்கி வேலை செய்யாமல் போயிற்று, ஏனென்றால் அது பழைய டியூபின் ஒளி ஓட்டத்தை நம்பி இருந்தது. டேங்குக்கு அந்தச் சிக்கல் இல்லை, மஞ்சள் பின் சொருகும் ஓட்டை இருக்கும் வரை ஓடும். பரணில் ஏற்றிய பெட்டிகளில் எத்தனையோ 2018 நவம்பர் 16 விடிகாலை கஜா புயலில் ஓடு பறந்து நனைந்தன. தென்னையை இழந்தவன் டிவி கேமையா தேடுவான்? சேற்றோடு சேர்த்துக் குப்பையில் போனது போக, மிச்சம் காயலான் கடைக்கு எடைக்குப் போனது.

தப்பியது உங்கள் வீட்டில் இருந்தால் ஒரு வேலை செய்யுங்கள். கேசட்டில் பெயரில்லை, வருடமில்லை, ஒட்டியிருக்கும் படம் பொய் என்று முதலிலேயே சொன்னேன். அது எப்படி இந்த ஊருக்கு வந்தது என்பது உங்கள் வீட்டுப் பெரியவர்களுக்கு மட்டும்தான் தெரியும். ஒரு துண்டுத் தாளில் யார் வாங்கியது, எந்த ஊரில், எந்த வருடம், என்ன விலை என்று எழுதிக் கேசட்டோடு ரப்பர் பேண்ட் போட்டு வையுங்கள். அடாப்டரைத் தனியே கழற்றி வையுங்கள், பெட்டியிலேயே சொருகி விட்டால் பின் துருப்பிடிக்கும். காயலான் கடைக்காரர் அதற்கு ஐந்து ரூபாய்கூடத் தர மாட்டார், கொடுக்காதீர்கள்.